ஒயில் கூடிய கார்

"பெப்ரவரி 6, செவ்வாய். வாகனம்: புதியது, டேர்போ பெற்றோல். முறைப்பாடு: எஞ்சின் ஒயில் கூடிக்கொண்டு போகிறது. வாடிக்கையாளர் இதை முறைப்பாடாகக் கருதவில்லை."

இது நான் எழுதிய வேலைத்தாளின் வாசகம். மூலம் பிரெஞ்சில், தமிழாக்கம் என்னுடையது. மொன்றியலின் தென்கரையில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் சேர்விஸ் அட்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சேர்விஸ் அட்வைசர் காரைத் திருத்துவதில்லை. காருக்கு என்ன வருத்தம் என்று சொந்தக்காரர் சொல்வதை முழுவதும் கேட்டு, அதில் உண்மையாக இருக்கக்கூடியதை மட்டும் மெக்கானிக்குக்கு எழுதிக் கொடுப்பார். இப்போது எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். இது அவர்களுக்கு.

1. நல்ல நேரம்

காரை வாங்கியவர் சிவபாலன். அதே தென்கரையில் புரோசார்ட்டில் வீடு, வீட்டிலிருந்து இரண்டு சந்தி தள்ளி ஒரு களஞ்சியத்தில் வேலை. ஒக்ரோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காரை எடுக்க மனைவி வசந்தியோடு வந்தார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்று வரவேற்பறையில் காத்திருந்து, பன்னிரண்டு ஐந்துக்குத்தான் சாவியைத் தொட்டார். அவர் பார்த்தது யாழ்ப்பாணத்துக் கலண்டர். மொன்றியலில் அன்று சூரியன் உதித்த நேரத்தை வைத்து நான் பிறகு கணக்குப் பார்த்தேன். அவர் காரை எடுத்தது சரியாக ராகுகாலத்துக்குள். இதை அவரிடம் சொல்லவில்லை. விற்ற கார் திரும்பி வரக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

நாலு ரயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். இது ரயரின் பிடிமானத்தைச் சோதிக்கும் முறையா என்று எங்கள் விற்பனை முகாமையாளர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். ஓம் என்றேன்.

காரை யார் யார் ஓட்டுவார்கள் என்று விற்பனைப் பையன் கேட்டபோது சிவபாலன், "நான் மட்டும்" என்றார்.

"மதாமிடமும் லைசென்ஸ் இருக்கிறதே" என்றான் பையன்.

"லைசென்ஸ் ஆரிட்டத்தான் இல்லை" என்று என் பக்கம் திரும்பினார் சிவபாலன். "அண்ணை, இது டேர்போ. எஞ்சினைத் தெரிஞ்ச ஆள்தான் தொடவேணும். யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக்குள்ள, பெற்றோல் இல்லாத நேரம், மண்ணெண்ணெயில ஹயர் கார் ஓட்டினவன் நான். காபரேற்றருக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெய். எனக்கு எஞ்சினைப் பற்றி ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை."

வசந்தி நசுங்கிய எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கேட்டனீங்களே அண்ணை. மண்ணெண்ணெயில ஓடினது கார். அதுக்கு இண்டைக்கு வரைக்கும் எனக்கெல்லோ தண்டனை."

2. காருக்குச் செய்த பணிவிடை

அந்த மாதிரி எஞ்சின் சின்னது. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் ஒரு விசிறி, காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவதால் அது பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது. அந்த விசிறிதான் டேர்போ. அது நிம்மதியாகச் சுழல்வதற்கு வேண்டியது நல்ல ஒயில். ஒயிலுக்கு வேண்டியது நன்றாகச் சூடாகுமளவுக்கு ஓட்டம். இவ்வளவுதான் சங்கதி.

சிவபாலன் இதைத் தலைகீழாகச் செய்தார். காலையில் ரிமோட்டை அமத்துவார். கார் வீட்டு வாசலில் இருபது நிமிடம் நின்ற நிலையில் இயங்கும். பிறகு இரண்டு சந்தி ஓடி, களஞ்சியத்தில் நிற்கும். மாலையில் அதே இரண்டு சந்தி. வந்து நின்றதும் எஞ்சினை உடனே நிறுத்தக்கூடாது, டேர்போ ஆறவேண்டும் என்பார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மொன்றியல் நகருக்குள், பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடை வாசலில் அவர்களைக் கண்டேன். எஞ்சின் இயங்க, இருவரும் பேசாமல் உள்ளே இருந்தார்கள். ஏதோ சண்டை என்று நினைத்து விலகப் பார்த்தேன். வசந்தி கண்ணாடியை இறக்கினார். மடியில் பக்கத்து வில்லரேயில் வாங்கிய உறைந்த மீன் பை.

"சண்டை இல்லை அண்ணை. கார் ஆறுது. மீன் கரையுது."

"அது அந்தக் காலத்து டேர்போவுக்குத் தம்பி, அதுவும் மலை ஏறி இறங்கினால்" என்றேன். "இப்பத்தையதுக்குத் தேவையில்லை."

"நீங்கள் கொம்பனிக்காரர் அப்பிடித்தான் சொல்லுவியள்" என்றார் சிவபாலன். "கோயில் பார்க்கிங்கில எல்லாரும் கதைச்சவை."

கோயில் பார்க்கிங்கைப் பற்றி இங்கே ஒரு வரி. சுவாமி வீதி வலம் வரும் நேரத்தில் அங்கே நிற்கும் ஆண்களில் எஞ்சின் வைத்தியர் அல்லாத ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. இவர்களில் பலருடைய சொந்தக் கார் அதே வேளையில் எங்கள் கராஜில் கிடக்கும்.

வசந்தி ஆற்றுக்கு அக்கரையில், அதே வில்லரேயில் ஒரு கார்டெரியில், அதாவது சிறுபிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்தார். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பது அவர் பொறுப்பு. அதற்காக ஐந்தரைக்கு வீட்டைவிட்டு இறங்கி பஸ், ரயில், மெற்றோ, மறுபடி பஸ். பஸ் தரிப்பிடம் வீட்டுக்கு நேர் எதிரே. சிவபாலனின் வேலை ஆறு மணிக்கு. ஆகவே கடுங்குளிரில் வசந்தி பஸ்ஸுக்கு நிற்கும்போது, வீதிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத கார் இருக்கைச் சூட்டோடு புகைவிட்டபடி நிற்கும்.

"எனக்கு முன்னால நிண்டு சிகரெட் குடிக்கிற மாதிரி இருக்கும் அண்ணை" என்று பிறகு சொன்னார்.

3. பெப்ரவரி 6

அன்று மாலை இருவரும் வந்தார்கள். வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு சிவபாலன் சொன்னார்:

"ஒரு பிரச்சினையுமில்லை அண்ணை. உங்கட காரைப் பாராட்டத்தான் வந்தனான். மற்றவங்கட கார் ஒயில் குடிக்குது. எங்கடை சுரக்குது. ஒவ்வொரு கிழமையும் குச்சியில ஏறிக்கொண்டு வருது."

மெக்கானிக் லூக் ஒயில் பார்க்கும் குச்சியை இழுத்து, மூக்குக்கு அருகே கொண்டுபோய், தலையைப் பின்னுக்கு எடுத்தான். பிறகு என்னிடம் நீட்டினான். பெற்றோல் மணம். சூடாகாத எஞ்சினில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு சேர்ந்துவிடும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகிப் போகும். இரண்டு சந்தி ஓடினால் அங்கேயே தங்கும். அளவு ஏறும், ஒயில் தண்ணீர்போல நீர்த்துப்போகும், அதை நம்பிச் சுழலும் டேர்போ தேயும்.

"ஒயிலைக் கடைசியா எப்ப மாத்தினது?" என்று கேட்டேன்.

"மாத்தேல்லை. குறைச்சு ஓடினால் ஒயிலும் குறைச்சுத்தானே பழுதாகும்?"

"குறைச்சு ஓடுறதாலதான் பழுதாகுது தம்பி. இன்னும் ஒரு குளிர்காலம் இப்பிடிப் போனால் டேர்போவை மறந்துபோங்கோ. ஒயிலை இப்ப மாத்துறம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஹைவேயில அரை மணித்தியாலம் ஓடவேணும்."

"எனக்கு எங்கை அண்ணை ஹைவே? என்ரை வேலை ரெண்டு சந்தி."

வசந்தி கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்கு இருக்கு. பாலம் இருக்கு, ஹைவே இருக்கு, முக்கால் மணித்தியாலம் இருக்கு."

சிவபாலன் குச்சியைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை பஸ் பிந்தி, நாலு தாய்மார் பிள்ளையளோட பனிக்குள்ள நிண்டவை" என்று வசந்தி எனக்குச் சொன்னார். கணவரை அவர் பார்க்கவில்லை. "இது ரெண்டாந்தரம். இன்னொருக்கா நடந்தால் திறக்கிற வேலையை வேற ஆளுக்குக் குடுக்கிறாவாம் எங்கட பொறுப்பாளர் டிரெக்ரிஸ். எனக்குக் கிழமையில ரெண்டு நாள்தான் வேலையாம்."

"முதல்ல எஞ்சின் சரியாகட்டும். பேந்து பாப்பம்" என்றார் சிவபாலன்.

4. காரின் தேகப்பயிற்சி

மறுநாளிலிருந்து சிவபாலன் என் ஆலோசனையைப் பின்பற்றினார், அவருடைய முறைப்படி. ஐந்து மணிக்கே எழும்பி, காரைத் தனியே ஹைவேயில் ஏற்றி, பாலம் வரை போய்த் திரும்பி, பிறகு வேலைக்குப் போனார். பாலம் வசந்தியின் வழி. ஆக, வெறுங்கார் வசந்தி போகவேண்டிய பக்கமாகப் போய்ப் பயிற்சி செய்துவிட்டு வர, வசந்தி பஸ்ஸில் போனார். நான் பார்த்த பராமரிப்பு முறைகளில் இதற்கு ஈடானது வேறு இல்லை.

இது இரண்டு வாரம் நடந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை நல்ல பனி. பஸ்ஸைக் காணவில்லை. சிவபாலன் காரின் மேலிருந்த பனியைத் தட்டி முடித்து ஓட்டுநர் பக்கம் வந்தபோது, அந்த இருக்கையில் கையில் சாவியோடு வசந்தி இருந்தார். பேசியது என்னவென்று இருவரிடமும் தனித்தனியே கேட்டேன். இதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

"என்ன செய்யிறாய்?"

"காருக்கு அரை மணித்தியாலம் ஓடவேணுமாம். எனக்கு ஏழு மணிக்குக் கதவு திறக்கவேணும். ஒண்டில் பெல்ட்டைப் போடுங்கோ, இல்லாட்டி வீட்டுக்குள்ள போங்கோ."

அவர் பெல்ட்டைப் போட்டார். பாலம் கடந்ததும் சொன்னாராம்: "கியர் மாறுறது தெரியாமல் ஓட்டுறாய்." அது தானாகக் கியர் மாறும் கார்.

ஏழுக்கு முன் கதவு திறந்தது. அன்று சிவபாலன் பிந்தி வேலைக்குப் போனார்: பஸ், மெற்றோ, ரயில், மறுபடி பஸ்.

5. இருக்கை

ஏப்ரலில் கோடைகால ரயர் மாற்ற வந்தபோது குச்சியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஒயில் மணம்தான் அடித்தது. திறக்கும் வேலை வசந்தியிடமே இருந்தது.

ஒக்ரோபரில், நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கிழமை, கார் மறுபடி வந்தது. கொண்டு வந்தவர் சிவபாலன். "பனிக்காலத்துக்கு மட்டும் அவவுக்குக் குடுத்தனான் அண்ணை. இப்ப நான்தான் ஓட்டுறன்" என்றார். காரை உள்ளே எடுக்கப் போன லூக் முழங்காலை ஸ்ரியரிங்கில் இடித்துக்கொண்டு ஏசினான். ஓட்டுநர் இருக்கை முழுதாக முன்னுக்கு இழுபட்டுக் கிடந்தது. சிவபாலன் ஆறடி மனிதர், வசந்தி அவர் தோளுக்கும் எட்டார். அன்று மட்டும் முழங்காலை மடக்கி, கராஜ் வரைக்கும் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். இருக்கையை நகர்த்த அவருக்கு அனுமதி இல்லை போலும்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கற்றது இது. கார் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். யார் ஓட்டுகிறார்கள், எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு இருக்கையைப் பாருங்கள்.

ஒன்று மிச்சம். பனி பெய்த அந்தக் காலைக்கு முந்தின நாளே சாவியைத் தானாகவே வசந்தியிடம் கொடுத்துவிட்டதாக சிவபாலன் சொல்கிறார். ஒரு விடியற்காலை அவர்கள் வீட்டு வாசலில் வசந்தியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, ஏழு மணிக்குப் பிந்துது என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே, சாவி எப்படிக் கை மாறியது என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.