ஓரத்தில் தெரியும் கை

புகைப்படக்காரர் அர்மோன் கெருவெல் இறந்த நான்காம் நாள், பாரிஸின் ஒரு பேஷன் இதழிலிருந்து அவர் மகள் ஒதீலுக்குப் போன் வந்தது. அரைப் பக்கம் அஞ்சலி போடுவார்களாம். 1968இல் அவர் எடுத்த மழைக்கோட்டுப் படமும் வருமாம்.

"இடது ஓரத்தை மட்டும் கொஞ்சம் வெட்டணும், மதாம். பக்கத்துல அடங்கல. நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க."

ஒதீல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. இடது ஓரத்தில் இருப்பது அம்மாவின் கை.

அர்மோன் பிளாஷ் போடமாட்டார். ஜன்னல் வெளிச்சம்தான். அதை மாடலின் முகத்துக்குத் திருப்ப, மனைவி மிரேய் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்து நிற்பாள். ஒருமுறை அவள் விரல்கள் தவறிப்போய்ப் படத்தில் விழுந்தன. அதற்குப் பிறகு அவர் வேண்டுமென்றே விழவிட்டார். படத்தின் ஓரத்தை நறுக்காமல், பிலிமின் கறுப்பு விளிம்போடு முழுசாக அச்சிட்டார்.

"என்ன அர்மோன், பொண்டாட்டியையும் மாடலாக்கிட்டியா?" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள்.

"வெளிச்சம் அவ போடுறா. பேருதான் போடமாட்டீங்க, கையாவது இருக்கட்டும்யா."

1974இல் இதே இதழ் அந்தக் கையை வெட்டிப் படம் போட்டது. மறுநாளே விலகினார். பிறகு பத்தொன்பது வருடம் தபாலில் சாமான் விற்கும் கம்பெனிகளின் விலைப் புத்தகங்களுக்குத் துண்டும் செருப்பும் படமெடுத்தார்.

"என் கைக்காக யாரு உன்னைச் சண்டை போடச் சொன்னா?" என்று மிரேய் சாகும்வரை திட்டினாள். ஒதீலும் அம்மா பக்கம்தான். ஆனால் அந்த இதழில் மறுபடி தன் பெயர் வராதா என்று அப்பா கடைசிவரை புரட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரியும்.

அந்தப் படத்தில் மழைக்கோட்டோடு நின்ற மாடல் கிஸ்லேனுக்குப் போன் போட்டாள். இப்போது எழுபத்தேழு வயது.

"வெட்டட்டும் விடுடி. என் மூக்கு அழகா விழுந்த படம் அது ஒண்ணுதான். சாகுறதுக்குள்ள இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. இதழை அழைத்தாள்.

"படத்தைச் சின்னதாக்கி முழுசாப் போடலாமே?"

"சின்னதாப் போட்டா எடுபடாது, மதாம்."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்; வந்தது வேறு.

"அப்ப வேண்டாம்."

அடுத்த இதழில் இரண்டு வரி அஞ்சலி வந்தது. படமில்லை. கிஸ்லேன் கூப்பிட்டாள்.

"அப்பனும் மகளும் ஒரே கழுதைங்க!"

"ஆமா."

அந்த இரண்டு வரியிலும் அப்பாவின் வயதை ஒன்று கூட்டிப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லலாமென்று இதழின் எண்களை அழுத்தத் தொடங்கி, பாதியில் விட்டாள்.