சோதனை என்று ஒரு மெயில்

மெயில் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழிலில், முதல் கடிதத்தை எப்போதும் நாமேதான் எழுத வேண்டும்.

கணக்கைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் புரோகிராம்கள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அருப்புக்கோட்டையில் சொந்தமாகக் கம்பெனிப் பேரில் மெயில் வாங்கி வைத்திருப்பவர்களின் கணக்கை அவை பெரும்பாலும் பிடிப்பதில்லை. 'கையால் போடு' என்று ஒரு பொத்தானைக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். அந்தக் கை நான்தான். உள்ளே வரும் சர்வர், வெளியே போகும் சர்வர், போர்ட் எண், பாஸ்வேர்டு என்று எல்லாம் அடித்து முடித்து, என் முகவரியிலிருந்து 'சோதனை' என்று தலைப்புப் போட்டு ஒரு மெயில் அனுப்புவேன். வந்து விழுந்தால் வேலை முடிந்தது. இதே பிழைப்புப் பிழைக்கும் சக ஜீவன்களே, உங்கள் மெயில் பெட்டியும் என்னுடையதைப் போலத்தான் இருக்கும். திறந்தால் வரிசையாகச் சோதனை.

துறைமுகம்

காரியாபட்டி ரோட்டில் துண்டு ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவர். அவருக்கு மெயில் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. என் குரல் நேரிலேயே யாருக்கும் கேட்காது; போனில் கேட்கவே வேண்டாம். "வெளிய போறதுக்கு என்ன போர்ட்டு போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணாச்சி" என்றேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது.

"தூத்துக்குடி" என்றார். இல்லை, நம்பர் வேண்டும் என்றேன். "கன்டெய்னர் நம்பரா?" என்றார். நான் சிரித்தது அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் தாள் புரண்டது. பிறகு சொன்னார்: "தம்பி, தூத்துக்குடி சரிப்படாதுன்னா கொச்சின்னு போட்டுக்க. ஆனா லாரி வாடகை நம்மால ஆகாது."

பாளையம்பட்டிப் பாய்

காதர் பாய் ரியாத்தில் ஒரு கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். இப்போது மனைவி இல்லை, தனி வீடு. ஒரே மகன் துபாயில். 'ஊருக்கு வந்து கடை வை' என்று இவர் சொல்ல, பேச்சு முற்றி, மகன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். போனில் இல்லாவிட்டாலும் மெயிலிலாவது ஒரு வார்த்தை வரும் என்று, மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில், அவனே முன்பு எடுத்துக் கொடுத்திருந்த முகவரிக்கு என்னைக் கணக்குப் போடச் சொன்னார்.

மறுவாரமே கூப்பிட்டார். "மெயில் வரலை தம்பி. செட்டிங்குல ஏதோ கோளாறு." போய்ச் சோதனை அனுப்பினேன். டிங் என்று விழுந்தது. வேகமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அனுப்பியவர் இடத்தில் என் பேரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நான் பாக்காத சோதனையாப்பா? சரி, இதையும் வையி."

சர்வர் பதில் தரவில்லை

திருச்சுழியில் ஒரு நூல் கடை. அங்கே கணக்கு எழுதுகிறவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நாளெல்லாம் ஆளில்லாத அறைகளில் ஸ்கிரீனோடு பேசுகிற எனக்குத் தெரிந்த முகம் கிடைத்தால் பெரிய சந்தோஷம். திரையில் வந்த பிழையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். "சர்வர் பதில் தரலையாம்."

அவன் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "ஏலே, சத்தமாக் கூப்புடு. ஒன் கொரலுக்கு எங்க ஊரு புரோட்டாக்கடைச் சர்வரே திரும்பிப் பாக்க மாட்டான்."

வெளியே போன ஒன்று

காதர் பாய் வாராவாரம் கூப்பிட்டார். நானும் போனேன். சோதனை விழும். பிறகு டீ. பிறகு ரியாத் ஸ்டோர்க் கதை. வீட்டில் தாத்தா சொன்ன கதை கேட்டே வளர்ந்தவன் நான். பேசத்தான் வராதே தவிர, நன்றாக 'உம்' கொட்டுவேன். செட்டிங்கில் கோளாறு இல்லை என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒருநாள், அனுப்பிய மெயில்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். காலி.

"நீங்க மகனுக்கு ஒண்ணும் எழுதலையா பாய்?"

"போனை வச்சது அவன். அவன்தான எழுதணும்?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வாரதை மட்டுந்தான் இதுவரைக்கும் சோதிச்சிருக்கோம் பாய். போறதையும் ஒருக்காப் பாத்துரணும்."

"அப்ப ஒனக்கே அனுப்புறேன்."

"துபாய்க்குப் போகுதான்னு பாக்கணும் பாய்." அன்றைக்கு என் குரல் எப்படியோ கேட்டுவிட்டது.

பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "தலைப்புல சோதனைன்னே போடு. உள்ள ஒண்ணும் எழுதாத. செட்டிங்கு பாக்கத்தான் அனுப்பியிருக்காகன்னு நெனைக்கட்டும்" என்றார். விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு, அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கினார்.

டீ ஆறியது. டிங் வரவில்லை. அன்றைக்குக் கதையும் இல்லை. சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் வந்தது. எடுத்ததும் பாய் வாசித்தார்: 'அத்தா, கிடைத்தது. முட்டி வலி எப்படி இருக்கு?' உள்ளே ஒன்றுமில்லாத மெயிலுக்கு வந்த பதில். இரண்டாம் தடவையும் வாசித்தார். நான் உம் கொட்டினேன்.

"தம்பி, செட்டிங்கு சரியாத்தான் இருக்கு. இனிமே ஒனக்கு அலைச்சல் இல்ல."

சக ஜீவன்களே, நம் தொழிலில் வேலை சரியாக முடிந்ததற்கு ஒரே அடையாளம், அந்த வீட்டிலிருந்து அதன்பிறகு நம்மை யாரும் கூப்பிடாததுதான்.