ஒன்பதரை வரை காத்திருந்த கொழுந்து

தேயிலைத் தோட்டத்தில் உதவி டீமேக்கர் வேலை கிடைத்து ஏழு மாதமாகியும் செல்லசாமி ஒரு நாள்கூட நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. தோட்டத்தை நடத்தும் துரையின் கார் கீழே வளைவில் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், தட்டைத் தள்ளி வைத்துவிடுவான். இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைப்பான். எதைக் கண்டுபிடிப்பார்கள்? தனக்கு ஒன்றும் தெரியாது என்பதைத்தான்.

கொட்டகலைக்கு மேலே நாலு மைலில் இருந்தது அந்தத் தோட்டம். தேயிலை செய்கிற தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் உத்தியோகம் பார்த்தவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். செல்லசாமி ஒருவன்தான் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்து போனவர். அம்மா காளியாயி இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நிறுப்பதற்குக் கூடையோடு வரும்போது நாலு பேர் எதிரில் மகனைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிங்க" என்பாள். அவனுக்கு முகம் சுண்டிப்போகும்.

அவன் அட்டன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழும் இங்கிலீசும் எழுத வரும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசடியில் மூன்று வருஷம் நின்றான். முன்பிருந்த உதவி டீமேக்கர் திடீரென்று வேறு தோட்டத்துக்குப் போனதும், இங்கிலீசு தெரிந்த ஆள் என்று துரை இவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆள் கிடைக்காததால் கிடைத்த வேலை என்றுதான் செல்லசாமி நம்பினான். தராசடியில் நின்ற மூன்று வருஷமும், ஓய்ந்த நேரமெல்லாம் உள்ளே போய்க் கொழுந்தைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்ததை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது ஏதோ லயத்துப் பழக்கம், படிப்பா என்ன?

அதனால் ஒரு வழி வைத்திருந்தான். எதையும் தானாக முடிவு செய்வதில்லை. எல்லாவற்றையும் கடிகாரத்திடமும் தாளிடமும் விட்டுவிடுவான். தப்பு வந்தால் தாளின் தப்பு.

1956 பெப்ரவரியில் பெரிய டீமேக்கர் சுந்தரலிங்கம் மூத்த மகளின் கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போனார். பத்து நாள் லீவு. போகுமுன் ஒரு தாளில் நேரமெல்லாம் எழுதிக் கொடுத்து, "இதைப் பாத்துச் செய்யும் தம்பி, பிழை வராது" என்றார். அவர் எழுதியபோது மலையில் மூட்டமும் ஈரமுமாக இருந்தது. அவர் ரயில் ஏறிய மூன்றாம் நாள் காற்று மாறியது. உதட்டை வெடிக்க வைக்கும் காய்ந்த காற்று. வருஷத்தில் ஆறு வாரம் வீசுகிற அந்தக் காற்றில்தான் அந்த மலைத் தேயிலைக்கு வாசம் ஏறும். கொழும்பில் அதற்காகவே காத்திருப்பார்கள்.

காற்று மாறிய அன்று மாலை துரை வந்து சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். "நாளைக்குப் பதினொரு மணிக்கு ருசி பார்க்க வருவேன். நல்லதைச் சாம்பிளாகக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். சரியாக வரவில்லை என்றால் வேறு ஆளை எடுக்கிறேன். நீ தராசுக்கே போகலாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஈடு, உருட்டு இயந்திரத்திலிருந்து இறங்கியது. உருட்டிய கொழுந்தைச் சிமெந்துத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, புளிப்பதற்கு விடுவார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். சரியான பதத்தில் அள்ளி டிரையர் சூட்டில் போட வேண்டும். முந்தினால் காறும். பிந்தினால் வாசம் பறந்துவிடும். ஈரக் காற்றுக்கு எழுதிய தாளில் இரண்டரை மணி நேரம் என்று இருந்தது. ஒன்பதரைக்கு அள்ள வேண்டும்.

எட்டு நாற்பதுக்குச் செல்லசாமி குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தான். பச்சை வாடை சுத்தமாக இல்லை. பழக்கூடையைத் திறந்தாற்போல் ஒரு வாசம் நெற்றி வரை ஏறியது. இப்போதே, என்றது மூக்கு.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் ஐம்பது நிமிஷம்.

டிரையரில் நின்ற மாயாண்டி எட்டிப் பார்த்தான். ஒரே லயம், ஒரே வயது, சேர்ந்து ஓணான் அடித்தவன். ஸ்டோருக்குள் மட்டும் மரியாதை. அதிலும் பாதி கிண்டல்.

"என்னங்க ஐயா, அள்ளட்டுங்களா? வாசம் இங்க வரைக்கும் அடிக்குது."

"ஒன்பதரைக்குத்தான்."

"ஒங்க மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலீங்களே."

"தாள்ல ஒன்பதரைன்னுதான் போட்டிருக்கு. ஒன் வேலையப் பாருடா."

ஒன்பது மணிக்கு முகர்ந்தான். வாசம் தளர்ந்திருந்தது. ஒன்பதேகாலுக்கு முகரவே பயந்தான். ஒன்பதரைக்கு, ஒரு நிமிஷம் கூடாமல் குறையாமல், அள்ளச் சொன்னான்.

ஒன்பது ஐம்பதுக்குத் தூள் டிரையரை விட்டு வெளியே வந்தது. ஒரு கோப்பை ஊற்றிப் பார்த்தான். நிறம் இருந்தது. வாசம் இல்லை. மழைக்காலத்தில் செய்த தேயிலை போல மந்தமாக இருந்தது. கெட்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. கெடுவதை நிமிஷம் நிமிஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் உறுத்தியது.

இரண்டாவது ஈடு எட்டரைக்கு இறங்கியிருந்தது. தாளின்படி பதினொரு மணி. பத்து மணிக்குப் பச்சை வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பத்து பத்துக்கு, அதே பழக்கூடை வாசம்.

தாளை மீறினால் ஸ்டோர் புத்தகத்தில் நேரத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஏழு மாதத்தில் அந்தப் பத்தியில் அவன் பேனா பட்டதே இல்லை. இது தப்பிப் போனால் தாளின் மேல் பழி போட முடியாது. செல்லசாமி என்ற பேர்தான் நிற்கும்.

"மாயாண்டி, அள்ளு."

"பதினொன்னுன்னு…"

"அள்ளுடா! வாசம் போயிரும்!"

மாயாண்டி வாயை மூடிக்கொண்டு ஓடினான். செல்லசாமி புத்தகத்தைத் திறந்து பத்து பத்து என்று எழுதினான். கையெழுத்து கோணலாக விழுந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

துரை சொன்ன நேரத்துக்கு வந்தார். மேசையில் இரண்டு கோப்பை. முதலாவதைக் கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பினார்.

"என்ன இது?"

செல்லசாமி இரண்டாவது கோப்பையை முன்னே நகர்த்தினான். துரை இரண்டாவதை உறிஞ்சினார். துப்பினார். மறுபடி உறிஞ்சினார். மூன்றாம் தடவை துப்பவில்லை, விழுங்கிவிட்டார். புத்தகத்தை இழுத்துப் பார்த்தார்.

"இரண்டும் ஒரே மலைக் கொழுந்தா?"

"ஆமாம் ஐயா."

"ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம். இன்னொன்றுக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். ஏன்?"

இங்கிலீசில்தான் பேச்சு நடந்தது; ஸ்டோரில் கேட்டுக் கேட்டு மாயாண்டிக்கும் அது புரியும். செல்லசாமிக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முதலாவதைத் தாளின்படி செய்தேன், அது கெட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு இரண்டாவதை மாற்றினேன். யாரும் குறை சொல்ல முடியாத பதில். பாராட்டுக்கூடக் கிடைக்கலாம்.

"முதலாவது கெட்டுப்போகும் என்று உனக்கு அப்போது தெரியாது, இல்லையா?" துரையே தப்பிக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

தெரியாது என்று ஒரு சொல் போதும். ஏழு மாதமாக அந்தச் சொல்லுக்குள்தான் அவன் ஒளிந்திருந்தான். தெரியாதவனை யாரும் பெரிதாகத் திட்டுவதில்லை, சொல்லிக் கொடுப்பார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள். தெரியும் என்றால் நானூறு இறாத்தல் நல்ல கொழுந்தைத் தெரிந்தே பாழாக்கியவன் ஆகிவிடுவான். ஆனால் எட்டு நாற்பதுக்கு அந்த வாசத்தை முகர்ந்தது அவன்தான். அதை இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும் ஐயா. எட்டு நாற்பதுக்கே பதம் வந்துவிட்டது. தெரிந்துகொண்டே ஒன்பதரை வரை வைத்திருந்தேன்."

டிரையர் பக்கம் மாயாண்டி வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"தெரிந்துகொண்டேயா?" துரையின் காது சிவந்தது. "ஏன்?"

"என் மூக்கை நம்பப் பயமாக இருந்தது."

"உனக்குச் சம்பளம் அந்த மூக்குக்குத்தான்! கடிகாரம் பார்க்க ஸ்டோரில் ஆளா இல்லை?" மேசையைத் தட்டியதில் கோப்பைகள் குலுங்கின. இன்னும் என்னென்னவோ சொன்னார். சோம்பேறி என்றார், கோழை என்றார். செல்லசாமி எல்லாவற்றையும் நின்று கேட்டான். வலித்தது. ஆனால் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. இந்தத் திட்டு ஒன்றும் தெரியாதவனுக்கு விழுகிற திட்டு இல்லை.

"முதலாவதைத் தனியாக வை. சாம்பிள் இரண்டாவதிலிருந்து," என்றார் துரை கடைசியில். "மூன்றாவதை எப்போது அள்ளுவாய்?"

"இப்போது சொல்ல முடியாது ஐயா. காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது. முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்."

துரை புத்தகத்தை மூடினார். வேறு ஆளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய்?" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

கார் போனதும் மாயாண்டி பக்கத்தில் வந்தான். "பைத்தியமாடா ஒனக்கு? அவரே தெரியாதில்லன்னு எடுத்துக் குடுக்குறாரு, ஆமான்னுட்டுப் போறத விட்டுட்டு!" ஸ்டோருக்குள் முதல் முறையாக ஐயா என்ற சொல் விழுந்துபோயிருந்தது. அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஒங்களுக்குங்க."

செல்லசாமிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. பத்து மணிக்கு இறங்கிய மூன்றாவது ஈடு தரையில் கிடந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினான். பச்சை வாடை போயிருந்தது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது. நெஞ்சு பழையபடி அடித்துக்கொண்டது. கையிலிருந்ததை உதறிவிட்டு, தரையின் அந்த மூலைக்குப் போய் இன்னொரு பிடி அள்ளினான்.

"அள்ளட்டுங்களா?" என்றான் மாயாண்டி.

"பொறு. இன்னும் வரல."