அப்பா ப்ளக்கைப் பிடுங்கிய நாள்

என் அப்பாவுக்கு ஸ்விட்ச் வேலை என்று சொன்னால் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஃபேன் ஸ்விட்ச் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். இந்தக் குடியிருப்புக்கு வந்த புதிதில் மேல்வீட்டுக்காரர், தன் வீட்டு அழைப்புமணி அடிக்கவில்லை என்று அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அப்பா பார்ப்பது வேறு ஸ்விட்ச். ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர், போன், கேமரா என்று எல்லாவற்றின் ஒயரும் வந்து சேர்கிற தட்டையான இரும்புப் பெட்டி. அது நின்றால் எல்லாமே நின்றுவிடும். இதையெல்லாம் மேல்வீட்டுக்காரருக்கு விளக்குவதைவிட மணியைச் சரிசெய்வதே சுலபம் என்று சரிசெய்து கொடுத்துவிட்டு, "பேட்டரில ஓடற மணி ஒண்ணும் வாங்கி வெச்சுக்குங்க, கரண்ட் இல்லாதப்ப உதவும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்பாவுக்கு எதுவானாலும் இரண்டு வேண்டும். அவர் வேலை செய்யும் பார்சல் கூடத்தில் அவரை 'டபுள் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரெல்லாம் அனுப்பும் பார்சல்கள் அங்கே ஓடும் பட்டையில் வந்து, ஸ்கேனர் பார்த்துச் சொல்லும் பக்கம் பிரிந்து போகும். அந்த ஸ்கேனர்களைக் கட்டி மேய்ப்பது அப்பாவின் ஸ்விட்ச்கள். ஒவ்வொரு ஸ்விட்சின் முதுகிலும் இரண்டு பவர் சப்ளை செருகியிருக்கும். ஒன்று செத்தால் இன்னொன்று தாங்கும். அவற்றின் ஒயர்கள் இரண்டும் ஒரே பலகையில் சொருகியிருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ரெண்டு காலையும் ஒரே செருப்புல விட்ட மாதிரி" என்பார். ஒன்று யுபிஎஸ்ஸுக்குப் போக வேண்டும், மற்றது வேறு லைனுக்கு.

வீட்டிலும் அதே கதைதான். எனக்கு இரண்டு போன், இரண்டு கம்பெனி சிம். ஒரே கம்பெனியில் இரண்டு சிம் வாங்கினால் அது ஒரு சிம்தானாம். வீட்டுச் சாவி இரண்டு செட், கேஸ் அடுப்பு ஒன்று, மின்சார அடுப்பு ஒன்று. என் சக்கர நாற்காலியும் இரண்டு. இதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிறவியிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறெதுவும் இல்லை, கேட்பவர்களுக்குத்தான் நிறைய இருக்கும்.

அம்மா அடிக்கடி கேட்பாள். "எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா வாங்கறவரு, பொண்டாட்டியை மட்டும் எப்படி ஒண்ணோட விட்டாரு?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார். "மேட்ச் ஆகற மாடல் அப்புறம் வரவே இல்லையே."

அந்த 'மேட்ச்' விஷயத்தில் அவர் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு ஸ்விட்சில் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று போய்விட்டது. அப்பா புதிதாக ஒன்றை வரவழைத்தார். அதே கம்பெனி, அதே அளவு, அதே வாட். செருகியதும் 'டக்' என்று உட்கார்ந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். பழையதின் கைப்பிடி நீலம், புதியதின் கைப்பிடி சிவப்பு. அது சும்மா அழகுக்கு என்று நினைத்துவிட்டார்.

அழகுக்கு இல்லை. நீலம் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் ஜாதி, சிவப்பு வெளியிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும் ஜாதி. ஒரு பெட்டிக்குள் இரண்டும் எதிரும் புதிருமாக ஊதிக்கொண்டிருந்தன. சூடு போக வழியில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்விட்ச் கொதித்துப்போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. ஸ்கேனர்கள் செத்தன. பட்டை நிற்பதற்குள் பார்சல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்ததாம். உதவிக்கென்று செருகியதே கவிழ்த்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "பச்சை விளக்கு எரிஞ்சுதேம்மா, பச்சை விளக்கு எரிஞ்சுதே" என்று என்னிடமே இரண்டு தரம் சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, பாவமாக மட்டும் இருந்தது.

அன்றோடு அவர் பச்சை விளக்கை நம்புவதை விட்டுவிட்டார். புதிதாக எதைச் செருகினாலும் பின்னால் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். அதோடு இன்னொரு பழக்கமும் வந்தது. மாதத்துக்கு ஒருமுறை, நல்ல பகலில், கூடத்தில் எல்லோரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது, போய் ஒரு பவர் சப்ளையின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார். மற்றது தனியாகச் சுமக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார். பிறகு இதைச் சொருகிவிட்டு அதைப் பிடுங்குவார். மேனேஜருக்கு முதலில் உயிரே போய்விட்டது.

"நல்லா ஓடிட்டிருக்கறதை ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க?"

"ரெண்டும் சேர்ந்து சுமந்தா, தனியா எது சுமக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் நிக்கறப்பவே விழுந்தா விழட்டும் சார். நான் இல்லாதப்ப விழுந்தா யாரு தூக்கறது?"

சொன்ன மாதிரியே ஒருமுறை விழுந்தது. ஸ்விட்சிலிருந்தே கரண்ட் எடுக்கும் கேமராவும் போனும் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனதில், இரண்டு சப்ளைகளும் ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டிருந்தன. பச்சை விளக்கு இரண்டு. ஆனால் ஒன்று தனியாகத் தாங்காது. அப்பா ப்ளக்கைப் பிடுங்கியதும் பாதி கேமராக்கள் அணைந்தன. மேனேஜர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை, பெரிய வாட்டில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய்த்தான், எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னேன்.

நான் கட்டட வரைபடம் போடுபவள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் முதியவர்களும் சிரமமில்லாமல் புழங்கும்படி கட்டடங்களை வரைகிற அலுவலகம் அது. ரயிலில் அரை நாள் தூரம். அலுவலகத்துக்குப் பின்னாலேயே தரைத்தளத்தில் எனக்கு ஓர் அறையும் கொடுக்கிறார்கள். சேர்கிறேனா என்று பதில் சொல்ல அவர்கள் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் இடம் எனக்கு இன்னொரு தரம் வாய்க்காது.

அப்பா முகத்தில் சிரிப்பும் வந்தது, உடனே போயும் விட்டது.

"அங்க ரெண்டாவது ஆளு யாரு?" என்றார்.

"எதுக்கு?"

"இங்க உனக்கு நான் இருக்கேன். நான் இல்லாதப்ப அம்மா இருக்கா. அங்க?"

"நான் இருக்கேன்."

"நீ சரிம்மா. நீ விழுந்தா?"

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று தலைக்கே ஏறிவிட்டது. "உங்க கணக்குல நீங்க ஒண்ணு, அம்மா ஒண்ணு. ரெண்டு பேரும் சப்ளை. அப்ப நான் யாருப்பா? லோடா?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது தன்னால் தீர்கிற சண்டை இல்லை என்று திரும்பிப் போய்விட்டாள். சொன்ன பிறகு எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. என்னைச் சுமையாக நினைக்கிற மனிதரில்லை அவர். மழை நாளில் என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடி ஏறியவர், ஒரு நாளும் மூச்சு வாங்குவதைக்கூட எனக்குக் காட்டியதில்லை. இருந்தாலும் பேச்சைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

"நான் நல்லா இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. பச்சை விளக்கும்பீங்க. சரி, நம்பவேண்டாம். ஆபீஸ்ல என்ன பண்றீங்களோ அதைப் பண்ணுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் வீட்டை விட்டுப் போங்க. நான் தனியா இருக்கேன். ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்க. நான் தாங்கினா போறேன், இல்லேன்னா இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்."

அவரால் மறுக்க முடியவில்லை. தன் வாயாலேயே ஊருக்கெல்லாம் சொன்ன முறையாயிற்றே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். சாயங்காலம்வரை வரமாட்டோம், போன் பண்ணமாட்டோம் என்று ஒப்பந்தம். அப்பா லிஃப்ட்வரை போய் இரண்டு தரம் திரும்பி வந்தார். முதல் தரம் மூக்குக் கண்ணாடிக்காக. இரண்டாம் தரம் எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா அவரது சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சமைத்தேன், சாப்பிட்டேன், துணி மடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு குளித்துவிட்டு நாற்காலிக்கு மாறும்போது கை வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஈரத் தரையிலிருந்து நாற்காலி ஒரு மலை மாதிரி உயரத்தில் தெரிந்தது. எட்டும் தூரத்தில் போன் இருந்தது. அதைப் பார்க்கவே கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குட்டி முக்காலியை இழுத்து, முதலில் அதன்மேல் ஏறி, மூச்சு வாங்கி, வழுக்கி, மறுபடி ஏறி, கடைசியில் நாற்காலியில் வந்து விழுந்தேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எனக்குள் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே காற்று வாங்க ஜன்னலுக்கு வந்தேன். தெருமுனை மருந்துக்கடை வாசலில் எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஓட்டுநர் இருக்கையில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே போன் போட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பெரியம்மா வீட்லதாம்மா."

"பெரியம்மா வீட்டு வாசல்ல எப்ப மருந்துக்கடை வெச்சாங்க?"

அந்தப் பக்கம் அம்மாவின் குரல் லேசாகக் கேட்டது. "நான் அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே."

"ஆபீஸ்ல ப்ளக்கைப் பிடுங்காமலே பிடுங்கிட்டேன்னு சொல்வீங்களாப்பா?"

"மாட்டேன்."

"அப்ப இது மட்டும் என்ன?"

"குரல் ஒரு மாதிரி இருக்கே. விழுந்தியா?" என்றார்.

"விழுந்தேன். எழுந்துட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமேம்மா. ஒரு நிமிஷத்துல வந்திருப்பேனே."

"வந்திருப்பீங்க. அதனாலதான் கூப்பிடல."

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்மா. உன்னைச் சோதிக்கறதுக்கு நான் இங்க நிக்கல. காலையில எந்திரிச்சா முதல்ல உன் ரூம்ல லைட் எரியுதான்னுதான் பாப்பேன். அதைப் பாத்த பிறகுதான் எனக்குக் கை கால் ஓடும். நீ பொறந்ததுலேர்ந்து அது ஒண்ணுலதான் ஓடிட்டிருக்கேன். அதுக்கு மட்டும் ரெண்டாவதா எதையும் நான் வெச்சுக்கலம்மா."

கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. இறங்கிப் போய் அந்தக் கார்க் கதவைத் திறந்து, நான் எங்கேயும் போகவில்லை அப்பா என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அம்மா போனை வாங்கினாள் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வேலையில சேர்றேன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுடும்மா," என்றார் அப்பா. "நாங்க பெரியம்மா வீட்டுக்குப் போறோம். நிஜமாவே."

"போங்கப்பா," என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாட்டை, குளியலறைத் தரையிலிருந்து எழுந்திருக்கும்போதுகூடப் படவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், ஒருமுறைகூட ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கார் கிளம்பி முனையில் திரும்பிப் போயிற்று.