அம்பூரிப் புகைப்புரையில் ஒளிரும் ரப்பர்: பாறசாலை வழியாக ஒரு நாள்

என் மனைவியின் தங்கை பத்மா ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஒளிரும் பொருட்களை ஆராயும் குழு ஒன்றை நடத்துகிறாள். இயற்பியல், வேதியியல், தாவரவியல் என்று மூன்று துறைக்காரர்கள் ஒரே குழுவில் இருப்பதால், அவர்கள் கூடிப் பேசினால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தாள். “அத்தான், நாளைக்கு அம்பூரிக்குப் போறோம். எங்க ரப்பர் மின்னுறதப் பாக்க வாங்க. உங்க வலைப்பூவுக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.” காரில் இடம் உண்டா என்று கேட்டேன். பெட்டிகள் ஏறிவிட்டன, நீங்கள் ரயிலில் வாருங்கள் என்றாள். கொழுந்தியாள் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை 6.40-க்கு நாகர்கோவில் சந்திப்பில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். பாறசாலைக்கு 15 ரூபாய். இடதுபக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். இரணியல் தாண்டியதும் குளமும் வாழைத்தோப்புமாக வந்துகொண்டே இருக்கும். 7.45-க்குப் பாறசாலை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் புட்டு, பயறு, பப்படம், ஒரு சாயா, எல்லாம் சேர்த்து 60 ரூபாய். புட்டு ஆவி பறக்க வந்தது. இரண்டாம் குழாய் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் பஸ். பதின்மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. டிக்கெட் 22 ரூபாய். வெள்ளறடையில் அம்பூரி பஸ் அப்போதுதான் போய்விட்டது என்றார்கள். எந்த ஊருக்குப் போனாலும் நான் போகவேண்டிய பஸ் அப்போதுதான் போயிருக்கும், இது என் ஜாதக விசேஷம். ஆட்டோ பிடித்தேன். 200 கேட்டு 180-க்கு வந்தார்.

“அம்பூரியில எங்க? ரப்பர் ஷீட்டு எடுக்கவா?” என்றார் ஓட்டுநர்.

“இல்ல, அங்க ரப்பர் இருட்டுல மின்னுமாம். அதப் பாக்கப் போறேன்.”

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “அண்ணே, காலத்தே குடிச்சாச்சா?”

காலையில் குடித்தது சாயா மட்டும்தான் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. மலை ஏற ஏறக் குளிர் கூடியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் தட்டுத்தட்டாக ஏறிப் போகின்றன. ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு சிரட்டை, அதாவது தேங்காய்க் கொட்டாங்குச்சி, கட்டியிருக்கிறது, அதில் பால் சொட்டிக்கொண்டிருக்கிறது. முந்தைய நாள் பெய்த மழையில் மண் சிவப்பாகக் குழைந்து கிடந்தது. 9.30-க்குத் தங்கச்சன் என்பவருடைய தோட்டத்தில் இறங்கினேன்.

பத்மா குழுவின் கார் எனக்கு முன்பே வந்து நின்றது. அவளோடு இரண்டு பேர். தாவரவியல்காரர் அருள், எந்த மரத்தைப் பார்த்தாலும் தொட்டுப் பார்க்காமல் போகமாட்டார். வேதியியல் ஆராய்ச்சி மாணவி ஜெர்லின், தூத்தூர்ப் பக்கம் கடற்கரைப் பெண், அப்பா கடலுக்குப் போகிறவர். பதற்றத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. வெளிச்சத்தைக் குடித்துவைத்து இருட்டில் பச்சையாக ஒளிவிடும் ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. குழந்தைகள் அறையின் கூரையில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கரில் இருப்பது இந்த வகைதான். பொடிக்கு ஈரம் ஆகாது. அதனால் ஜெர்லின் அதை ரப்பர் பாலிலேயே கலந்து, கைவிரல் அகலத்துக்குப் பட்டையாக்கியிருக்கிறாள். சிரட்டைக்கு மேலே மரத்தில் கட்டிவிட்டால், விடியுமுன் மரத்தைக் கீறிப் பால் வடிக்கும் வெட்டுக்கு வருகிறவர்களுக்கு மரமும் வழியும் தெரியும் என்பது திட்டம். கட்டிப் பார்க்கத்தான் தோட்டம் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது இடம். அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இங்கும் இல்லை என்றால் மூன்று வருட வேலை ஆய்வக மேசையோடு போய்விடும்.

தங்கச்சன் நல்ல மனிதர், ஆனால் பந்தை வேறு பக்கம் தள்ளிவிட்டார். “எனக்கு ஒரு விரோதமும் இல்ல. வெட்டுறது இவிய. இவிய சரின்னா எனக்கும் சரி.”

‘இவிய’ என்றது ஐந்து பால்வெட்டுக்காரர்களை. அவர்களில் பேச்சுக்கு முன்னால் நின்றவர் ஷைலா. நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை வெட்டை முடித்துவிட்டு, நெற்றி விளக்கைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருந்தார். “எங்களுக்கு ஹெட்லைட் உண்டு. பின்ன இது எதுக்காக்கும்?” என்றார். நியாயமான கேள்வி. ஜெர்லின் நகத்தை விட்டுவிட்டு விரலையே கடிக்கத் தொடங்கினாள்.

பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? அதற்குத்தான் புகைப்புரை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் ஜன்னல் இல்லாத கட்டிடம் அது. அன்று அடுப்பு போடவில்லை. உள்ளே, கதவு வெளிச்சம் எட்டாத மூலையில், ஐந்து பட்டைகளைப் பிரித்துக் கழியில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் நுழைந்ததும் அருள் கதவைச் சாத்தினார். கன்னங்கரேலென்ற இருட்டு. புகை வாசத்தில் எனக்குத் தும்மல் வந்தது. பத்மா, “இப்பப் பாருங்க” என்றாள்.

பார்த்தோம். ஒன்றும் இல்லை. அரை நிமிடம் ஆயிற்று. யாரோ செருமினார்கள். எனக்குத் தெரிந்த அத்தனை சாமிகளையும் அந்த அரை நிமிடத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

“ஜெர்லின், பட்டையெல்லாம் எப்படிக் கொண்டுவந்த?” பத்மாவின் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அது கெட்ட சகுனம்.

“பத்திரமாத்தான் மேடம். வெளிச்சம் படாம அலுமினியத் தாளுல சுத்தி வச்சிருந்தேன். ரெண்டு நாளா.”

வேதியியல் ஆய்வகத்தில் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற சாமான் எதையும் அப்படித்தான் சுற்றிவைப்பார்களாம், கை தானாகப் பழகிவிடும். போதாததற்கு அருளும் மரவிதையைக் காப்பதுபோல அதைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டியிருந்தார். இயற்பியல் அம்மையாருக்கோ, சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. வெளிச்சம் குடிக்கவேண்டிய பொருளை இரண்டு நாள் பட்டினி போட்டுக் கூட்டிவந்திருக்கிறார்கள். மூன்று துறை சேர்ந்தால்தான் இவ்வளவு அழகாகத் தப்பு செய்யமுடியும்.

“கொஞ்சம் வெயில்ல வச்சிட்டு வாறோம்” என்று பத்மா தொடங்கினாள். அதற்குள் ஷைலா நெற்றி விளக்கைப் போட்டுவிட்டார். “இது ரப்பர்தானா?” என்று முதல் பட்டையை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். அடுத்ததையும் அப்படியே. நான்கைப் பார்த்து முடித்ததும் கதவோரம் நின்ற தங்கச்சன், “ஷைலே, கண்ணு கூசுது, அணைச்சிரு” என்றார். அணைத்தார்.

நான்கு பட்டைகள் பச்சையாக நின்றன. மழைக்காலத்து மின்மினியை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தியது மாதிரி. ஐந்தாவது மட்டும் இருட்டில் இல்லவே இல்லை.

பிறகு ஷைலாவின் குரல் மெதுவாக வந்தது. “மக்கா, இந்த நாலும் நான் வெட்டுன மரம். அது விட்டுப்போன மரம்.”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். “எனக்க கணக்குக்கு முந்நூத்திப் பன்னிரண்டு மரம் உண்டு. இருட்டுல வெட்டிப் போகும்போ போன் அடிக்கும், இல்லேன்னா பன்னி உறுமும். ஒரு மரம் விட்டுப்போவும். எந்த மரம்னு அப்போ தெரியாது. வெளிச்சம் வந்து பால் எடுக்கப் போகும்போதாக்கும் சிரட்டை காலியா இருக்கது தெரியும். வெயில் ஏறுனா பின்ன பால் எறங்காது. வெட்டும்போ எனக்க ஹெட்லைட் இதுல படும். ஒரு தட்டு முடிஞ்சதும் லைட்ட அணைச்சுத் திரும்பிப் பாத்தா, மின்னாம நிக்குறது எதுன்னு தெரியுமே.”

அவ்வளவுதான், மற்ற நான்கு வெட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், பாதி தமிழ், பாதி மலையாளம். கதவைத் திறந்ததும் பத்மா பேனாவைத் தேடினாள், காகிதம் கிடைக்காமல் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள். அருள்தான் ஒரு முட்டுக்கட்டையைப் பார்த்தார். இந்தப் பட்டை விடியும்வரை ஒளிர்வதற்காகச் செய்தது. பகல் வெளிச்சம் பட்டால் எல்லா மரமுமே இரவெல்லாம் மின்னும். அப்புறம் வெட்டியது எது, வெட்டாதது எது?

“ரெண்டு மணி நேரத்துல அணையுற பட்டை இருக்கு மேடம்” என்றாள் ஜெர்லின். “மொத வருஷம் நான் செஞ்சது. தேறாதுன்னு நீங்க கழிச்சு விட்டீங்க. நான் தூக்கிப் போடல, அலமாரியில இருக்கு.” சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஷைலா அவள் முதுகில் தட்டி, “கரையாத பிள்ளே, கண்ணத் தொடை. நூறு மரத்துக்குக் கொண்டா, நான் கெட்டுறேன்” என்றார். நான் வெட்கமில்லாமல் கை தட்டினேன்.

மதியம் தங்கச்சன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். மூன்று மணிக்குப் பத்மா என்னைக் கள்ளிக்காடு என்ற ஊரில் இறக்கிவிட்டாள், இம்முறை பெட்டிக்கு மேலே எனக்கும் இடம் இருந்தது. நெய்யாறு அணையை முக்கால் மணி நேரம் சுற்றினேன், தண்ணீர் விளிம்புவரை நின்றது. அங்கிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஒரு மணி நேரப் பஸ், 30 ரூபாய். மாலை ரயில் பிடித்து எட்டு மணிக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளறடைக்கு எட்டரைக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டோதான். கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், சிரட்டையில் விரலை விடாதீர்கள். மழைக்குப் பிறகு போனால் அட்டை ஏறும், கொஞ்சம் உப்புப் பொட்டலம் போதும். தமிழே போதும், பேச்சுக்குக் கஷ்டமில்லை. ஆராய்ச்சிக்காரர்களோடு போகிறீர்கள் என்றால், சாமானைக் காரில் ஏற்றுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அன்று நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. படித்தவர்கள் மூன்று வருடம் பார்த்த பொருளை, அதை வைத்து வேலை செய்யப்போகிறவர் ஐந்து நிமிடத்தில் பார்த்த விதம் இன்னும் மனதில் நிற்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஜெர்லின் எனக்கு ஒரு குரல்செய்தியை அனுப்பினாள். காலை ஐந்தேகாலுக்கு ஷைலா அவளுக்கு அனுப்பியது. பின்னால் சில்வண்டு கத்துகிறது, மூச்சு வாங்குகிறது. “பிள்ளே, நூறு மரமும் முடிஞ்சு. லைட்ட அணைச்சுத் திரும்பிப் பாத்தேன். மூணாம் தட்டுல ஒண்ணு இருட்டா நின்னு. ஏறிப் போயி வெட்டிட்டேன்.”