ஸ்டோருக்குப் பின்கதவு

போடியிலிருந்து போடிமெட்டுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்தபோதும் அவர் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. சதுரக் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு அது.

அதில் அவர் கட்டியிருந்தது, தான் வேலை பார்க்கும் ஏலத்தோட்டம். நிழல் மரங்கள், ஓடை, காய் உலர்த்தும் ஸ்டோர், எல்லாம் இருந்தன. ஏலக்காய்த் திருட்டைப் பற்றிப் பல செய்திகள் எழுதிய எனக்கு அது திருடனுக்கான வரைபடமாகவே பட்டது. அவர் பக்கத்திலிருந்த, அதே தோட்டத்துக் கங்காணியும் எட்டிப் பார்த்தார்.

“ஸ்டோருக்கு ஏது ஆத்தா பின்கதவு? யாருக்கு வழி காட்டுற?”

“இல்லாத கதவுல எந்தக் களவாணிண்ணே வருவான்?”

ஜீப்பில் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் அழிச்சிரு. இல்லேன்னா நாளைக்கு வேற சோலி பாத்துக்க.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். “உள்ள காய் பெரட்டும்போது வெக்கையில மூச்சு முட்டும். கண்ணு அந்தப் பின் செவுத்தையே பாக்கும். அதான் வச்சேன்.”

மெட்டு வருவதற்குள் மரங்களையும் ஓடையையும் ஸ்டோரையும் அழித்துவிட்டார். மொட்டை மலையில் கதவு மட்டும் நின்றது. அதைக் கங்காணியிடம் நீட்டினார்.

“இப்ப இது யார் தோட்டம்னு சொல்லுங்கண்ணே.”

வெக்கை என்ற காரணத்தை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் தோட்டத்தையே விட்டுக்கொடுத்தவர் அந்தக் கதவை ஏன் விடவில்லை என்பதற்கு வேறு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.