நாற்பத்தோராம் நம்பர்

கண்ணாடி அலுமாரி உடைந்த மாலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கண்டி பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் பலசரக்குக் கடை அது. முன்பக்கத்தில் பத்துப் பேர் நிற்கலாம். மாலையில் முப்பது பேர் நிற்பார்கள். அன்று பின்னாலிருந்து தள்ளியதில் கவுண்டர் அலுமாரியின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

முதலாளி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் மேனேஜர்.

"மகன், சனத்தக் கொறைக்கணும். யாவாரத்தக் கொறச்சிராதீங்க" என்றார்.

சீட்டு

இரண்டு நாள் கவுண்டருக்கு உள்ளே நின்று கவனித்தேன். நேரத்தைத் தின்றது சாமானைத் தராசில் நிறுப்பதுதான். ஆகவே பருப்பு, சீனி, மா மூன்றையும் காலையிலேயே கால் கிலோ, அரைக் கிலோ பார்சல்களாகக் கட்டி வைத்தோம். வாசலில் நம்பர் எழுதிய மட்டைச் சீட்டுக் கொடுத்தோம். உள்ளே ஆறு பேர். மற்றவர்கள் வெளியே நடைபாதையோரம்.

ஒரு வாரத்தில் தள்ளுமுள்ளு நின்றது. ஹாஜியார் எனக்கு ஒரு கதிரை வாங்கிப் போட்டார். வாசலில் அமர்ந்து நம்பர் கூப்பிடுவது என் வேலையானது. அந்தக் கதிரையில் எனக்குப் பெருமை இருந்தது.

லெட்சுமி

மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் லெட்சுமி, கணவரின் மருந்துக்காக மாதம் இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரிக்கு வருவார். திரும்பும் வழியில் எங்களிடம் சாமான் வாங்கி நேர் பஸ்ஸைப் பிடிப்பார்.

அன்று அவர் கையில் நாற்பத்தொன்று. நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது இருபத்தேழு.

"அண்ணே, மூணு சாமான்தான். இந்த பஸ்ஸ விட்டா நேர் பஸ் இல்ல. வீட்டுல பால் குடிக்கிற புள்ள இருக்கு."

நான் வரிசையைப் பார்த்தேன். முன்னால் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பழைய வாடிக்கையாளர்.

"தம்பி, நம்பர் எண்டால் நம்பர்தான். நானும் நாரி நோவோடதான் நிக்கிறன்" என்றார், இடுப்பைப் பிடித்தபடி.

அவர் சொன்னது நியாயம்தான். "நம்பர்படிதாம்மா" என்று லெட்சுமியிடம் சொன்னேன். அவர் சேலை முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் கட்டி வலித்திருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. முறை வந்ததும் சாமானை வாங்கிக்கொண்டு ஓடினார். பஸ் போயிருந்தது.

அவர் வத்தேகம வரை ஒரு பஸ்ஸில் போய், அங்கே நெடுநேரம் காத்திருந்து வீடு சேர்ந்ததை அடுத்த வாரம் அதே தோட்டத்துக்காரர் ஒருவர் சொன்னார். பிள்ளை அழுது அழுது சீனித் தண்ணீர் குடித்துத் தூங்கிவிட்டதாம். "கடையில தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு நம்பித்தான் நின்னேன்னு சொல்லுச்சு" என்றார்.

நான் காணாமல் விட்டது

அந்தச் சொல் என்னை யோசிக்க வைத்தது. சீட்டு வருவதற்கு முன் லெட்சுமி ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. நெரிசலிலேயே யாராவது ஒருவர், "பஸ்ஸுக்குப் போறவங்கள முதல்ல விடுங்க" என்பார். பை தலைக்கு மேலால் கைமாறி உள்ளே வரும்; நிறைந்து அதே வழியில் போகும். பல நாள் அந்தக் குரல் கச்சேரிக்காரருடையது. "பிள்ளை பஸ்ஸுக்குப் போகோணும், முதல்ல குடுங்கோ" என்பார்.

கடையின் பழக்கமாக அதை நாங்கள் யாரும் வைக்கவில்லை. வாடிக்கையாளர்களே நடத்திவந்தார்கள். நான் அதைக் கூச்சல் என்று எண்ணியிருந்தேன்.

மறுநாள் மாலை, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் முன்னுக்கு வரலாம் என்று வாசலில் நின்று அறிவித்தேன். தூரத்துக்காரர் இரண்டு பேர் தயங்கினார்கள். வரிசை விலகவில்லை. கச்சேரிக்காரரிடம் தனியாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"விடலாம் தம்பி. ஆனால் எனக்குப் பின்னால நிக்கிறவைக்கு ஆர் பதில் சொல்லுறது? முறை எண்டு நீங்கள்தானே பழக்கினனீங்கள்."

பிறகு தூரத்து பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கென்று கவுண்டரின் ஓரத்தில் தனி இடம் ஒதுக்கினோம். அது இன்றும் ஒழுங்காக நடக்கிறது. அதைக் கவனிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. முன்பு தேவைப்படவில்லை.

புதிதாகக் கடை நடத்துபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நெரிசலைக் குறைக்கும் முன் சில மாலைகள் வாடிக்கையாளர் பக்கம் போய் நில்லுங்கள். யார் யாருக்கு வழி விடுகிறார்கள் என்று பாருங்கள். நான் உள்ளே நின்று தலைகளை மட்டும் எண்ணினேன்.

லெட்சுமி ஆஸ்பத்திரிக்கு இப்போதும் வருகிறாராம். எங்கள் கடைக்கு வருவதில்லை.